ஆதாரப் புள்ளி எது? மின்திறன் டிரான்சிஸ்டரும் கேட் டிரைவரும்: ஓர் ஆய்வு

புத்தூருக்கு அண்மையில் மலைகளை அடுத்து அமைந்துள்ள நாராயணவனம், பத்மாவதித் தாயாரின் தந்தை ஆகாசராஜன் அரசு புரிந்த தலைநகர் என்று தலபுராணம் போற்றுவதும், கல்யாண வேங்கடேசப் பெருமாளின் ஆலயத்தால் இன்றும் யாத்திரிகர்களை ஈர்ப்பதுமான தொன்மையான ஊர். 1953 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த சித்தூர் ஜில்லாவில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாகிவிட்ட இவ்வூரிலும், இதற்கு அணித்தாயுள்ள புத்தூர், நகரி முதலிய ஊர்களிலும், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிப்பதும், தறியின் ஓசை அவ்விரண்டுக்கும் பொதுவாக இருப்பதும் யாவரும் அறிந்தவை. இத்தகைய ஊரைச் சொல்லிவிட்டு மின்னணுவியலில் மிக நுட்பமான ஒரு பிரச்னையை ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், மின்சாரம் நின்றவுடன் வீட்டு விளக்கை ஏற்றிவைக்கும் இன்வெர்ட்டரும், மாந்தோப்பிலும் கரும்பு வயலிலும் சூரிய ஒளியால் நீரிறைக்கும் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியும், புத்தூர் ஸ்டேஷனைக் கடந்து ரேணிகுண்டாவை நோக்கி விரையும் ரயிலின் எஞ்சினும், சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியின் ஆலைகளில் உருவாகும் குளிர்சாதன யந்திரமும், தம்முள்ளே ஒரே வகையான உறுப்பைத்தான் வைத்திருக்கின்றன என்பதை நினைத்தால் அந்த வியப்பு அகன்றுவிடும்.

அந்த உறுப்பு மின்திறன் டிரான்சிஸ்டர். அதை ஆட்டிவைப்பது கேட் டிரைவர் என்னும் சிறு சில்லு. இவ்விரண்டையும் இணைக்கும் வழி சில சென்டிமீட்டர் நீளமே உடையதாயினும், இன்வெர்ட்டர்கள் புகைவதற்கும், பழுது பார்ப்போர் உயிராபத்தை எதிர்கொள்வதற்கும் காரணமான பிழைகளில் பெரும்பகுதி அந்தச் சில சென்டிமீட்டரிலேயே உறைகிறது. இதைப் பற்றி நூல்களிலும் உற்பத்தியாளரின் குறிப்பேடுகளிலும் விதிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவ்விதிகளை எல்லாம் ஒருங்கே வைத்து நோக்கினால், அவை அனைத்தும் ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவை என்பது புலனாகும்: இந்த வோல்டேஜ் எந்தப் புள்ளியை ஆதாரமாகக் கொண்டு அளக்கப்படுகிறது? இக்கேள்வியை ஒவ்வொரு கம்பியிடத்தும் கேட்டு விடை பெற்றவன் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. கேளாதவனுக்கு எத்தனை விதிகளைக் கற்பித்தாலும் அவை ஆபத்துக் காலத்தில் கைகொடுப்பதில்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட் வந்த வரலாறு

1950களின் பிற்பகுதியில் தைரிஸ்டர் தோன்றியபோது, பெருமளவு மின்சாரத்தை அரைக்கடத்தியால் ஆள முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் ஒருமுறை கடத்தத் தொடங்கிவிட்ட தைரிஸ்டரைக் கேட்டின் மூலம் நிறுத்த வழியில்லை. இக்குறையை நீக்க வந்த ஜி.டி.ஓ. என்னும் வகை, கேட்டாலேயே அணைக்கத்தக்கதாயினும், அதற்கு அது கேட்ட விலை மிகக் கொடிது: 3000 ஆம்பியரை நிறுத்த வேண்டுமாயின் கேட்டிலிருந்து அறுநூறு முதல் ஆயிரம் ஆம்பியர் வரையில் பின்னோக்கி இழுத்தாக வேண்டும். 1990களில் நமது ரயில்வே முதன்முதலில் பெற்ற மூன்று ஃபேஸ் மின்சார எஞ்சின்கள் இந்த ஜி.டி.ஓ.வைத் தாங்கியே வந்தன. பழைய பைபோலார் டிரான்சிஸ்டருக்கோ, கடத்தும் நேரம் முழுவதும் பேஸுக்கு மின்னோட்டத்தை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

1970களின் இறுதியில் சந்தைக்கு வந்த மின்திறன் மாஸ்ஃபெட் இந்நிலையை மாற்றியது. அதன் கேட், மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே கனமுள்ள சிலிக்கன் ஆக்ஸைடு ஏட்டினால் மற்றப் பகுதிகளினின்றும் பிரிக்கப்பட்டிருப்பதால், நிலையான மின்னோட்டம் எதையும் அது வேண்டுவதில்லை. வோல்டேஜ் ஒன்றே போதும். ஆனால் உயர்ந்த வோல்டேஜில் மாஸ்ஃபெட்டின் உள்தடை மிகுந்துவிடும். மாஸ்ஃபெட்டின் எளிய கேட்டையும் பைபோலாரின் தாராளமான கடத்தலையும் ஒரே உடலில் சேர்த்த ஐ.ஜி.பி.டி.யை, 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் உருவாக்கியவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948இல் சென்னையில் பிறந்து, 1969இல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியற் பட்டம் பெற்றவர் அவர்; 2014இல் ஐ.இ.இ.இ.யின் கௌரவப் பதக்கமும் 2024இல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசும் அவரை அடைந்தன. புத்தூர் வழியே ஓடும் ரயில் எஞ்சின்களில் ஜி.டி.ஓ. நீங்கி ஐ.ஜி.பி.டி. இடம்பெற்றிருப்பதும், சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018இல் வெளியிட்ட வந்தே பாரத் ரயிலின் மூல வடிவம் ஐ.ஜி.பி.டி.யின் துணையால் ஓடியதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

கேட் எளிதாகிவிட்டது என்ற இந்த மகிழ்ச்சியிலேதான் பிற்காலப் பிழைகளின் விதையும் இருந்தது. நிலையான மின்னோட்டம் வேண்டாம் என்பதை, மின்னோட்டமே வேண்டாம் என்று பொருள்கொண்டவர் பலர்.

எவ்வளவு ஊட்ட வேண்டும்

கேட் என்பது ஒரு கெப்பாசிட்டர். அதை நிரப்பினால் டிரான்சிஸ்டர் கடத்தும், வடித்தால் அணையும். நிரப்புதற்கு வேண்டிய மின்னூட்டத்தை உற்பத்தியாளர் நானோ கூலும் கணக்கில் அச்சிட்டே தருகிறார். வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரிதும் காணப்படும் ஐ.ஆர்.எஃப். 3205 என்னும் மாஸ்ஃபெட் 55 வோல்ட்டும் 110 ஆம்பியரும் தாங்கவல்லது. அதன் கேட்டை நிரப்ப 146 நானோ கூலும் வரையில் தேவை. நான்கு மாஸ்ஃபெட்டுகளை இணையாக வைத்திருக்கும் போர்டு ஒன்றில் இத்தொகை 584 ஆகிறது. மைக்ரோகன்ட்ரோலரின் கால் ஒன்று தரக்கூடிய 20 மில்லி ஆம்பியரால் அதை நிரப்ப முயன்றால் 29 மைக்ரோ வினாடி ஆகும். 2 ஆம்பியர் தரும் டிரைவரால் அதே காரியம் 0.3 மைக்ரோ வினாடியில் முடியும்.

இந்த வேற்றுமை ஏன் முக்கியமானது? வினாடிக்கு இருபதாயிரம் முறை மாறும் சைன் அலை இன்வெர்ட்டரில் ஒரு சுழற்சியின் மொத்தக் காலமே 50 மைக்ரோ வினாடி. அதில் 29 மைக்ரோ வினாடியை நிரப்புவதிலேயே கழித்தால், டிரான்சிஸ்டர் கடத்தவும் இல்லை, அணையவும் இல்லை என்ற நடுநிலையில் தன் ஆயுளைச் செலவிடுகிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் ஓடும் சுற்றில், நடுநிலையின் உச்சத்தில் 6 வோல்ட்டும் 35 ஆம்பியரும் ஒருங்கே நிற்கும். அதாவது 210 வாட் வெப்பம் அச்சிறு சிலிக்கன் துண்டுகளில் இறங்கும். முழுமையாகக் கடத்தும் நிலையிலோ நான்கு மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்து பத்து வாட் அளவே வெப்பம் தரும்.

இதே காரணத்தால், கேட்டுக்கு எத்தனை வோல்ட் தரப்படுகிறது என்பதும் கவனத்துக்குரியது. மாஸ்ஃபெட் 2 முதல் 4 வோல்ட்டுக்குள் விழித்துக்கொள்ளும். ஆயினும் முழுக் கடத்தலுக்கு 10 முதல் 12 வோல்ட் வேண்டும். ஐ.ஜி.பி.டி.க்கு 15 வோல்ட் என்பது உலக வழக்கம். உச்ச எல்லையோ பெரும்பாலானவற்றுக்கு 20 வோல்ட். அதைக் கடந்தால் ஆக்ஸைடு ஏடு துளைபட்டுவிடும், பின்னர் அதைச் சீராக்க ஒருவராலும் இயலாது. மறுபுறம், வோல்டேஜ் குறைந்தால் முழுக் கடத்தல் இராது. ஆகவே டிரைவரின் சப்ளை குறையும்போது தானே வெளியீட்டை நிறுத்திவிடும் காப்பு உள்ள டிரைவரையே தேர்ந்தெடுப்பது சிறந்த நியமம். பேட்டரி தேய்ந்து கேட் 7 வோல்ட்டில் தள்ளாடும்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும் டிரைவர், விசுவாசத்தாலேயே எஜமானைக் கொல்லும் வேலைக்காரனைப் போன்றது.

திரும்பும் வழி

இனி ஆய்வின் நடுவிடத்துக்கு வருவோம். கேட்டுக்குப் போகும் கம்பியைப் பற்றியே எண்ணி, அந்த மின்னோட்டம் திரும்பி வரும் கம்பியை மறந்துவிடுவது கற்றவரிடத்தும் காணப்படும் குறை. டிரைவர் தரும் 15 வோல்ட் பூமியைப் பொறுத்ததன்று, பேட்டரியின் மைனஸைப் பொறுத்ததும் அன்று. டிரான்சிஸ்டரின் சோர்ஸ் அல்லது எமிட்டர் என்னும் காலைப் பொறுத்தது. அக்காலிலேயே பெருமின்னோட்டமும் ஓடுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நேரான கம்பி ஒவ்வொன்றுக்கும், மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோ ஹென்றி வீதம் மின்தூண்டல் உண்டு. 5 சென்டிமீட்டர் கம்பி 50 நானோ ஹென்றி. 20 ஆம்பியர் மின்னோட்டம் 50 நானோ வினாடியில் மாறுமாயின், அக்கம்பியின் இரு முனைகளுக்கிடையே 20 வோல்ட் தோன்றும். கைக்கு அடக்கமான ஒரு துண்டுக் கம்பியில், மல்ட்டிமீட்டர் பூஜ்யம் ஓம் என்று காட்டும் ஒரு துண்டுக் கம்பியில், இருபது வோல்ட்! டிரைவரின் திரும்பும் வழி அக்கம்பியின் மறுமுனையில் இணைக்கப்பட்டிருந்தால், கேட்டில் நாம் தருவதாக நினைக்கும் 15 வோல்ட், ஒரு கணம் மறைந்தும் மறுகணம் இருமடங்காகியும் கூத்தாடும். டிரான்சிஸ்டர் காரணமின்றி வெடித்தது என்று சொல்லப்படும் நிகழ்ச்சிகளில் பல, காரணம் இவ்வாறு ஒளிந்திருந்த நிகழ்ச்சிகளே.

இதிலிருந்து பெறப்படும் நியமங்கள் தாமே விளங்கும். டிரைவரை டிரான்சிஸ்டருக்கு மிக அருகில் வைத்தல் வேண்டும். கேட் கம்பியும் அதன் திரும்பும் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, அல்லது போர்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, இணைபிரியாது செல்ல வேண்டும். திரும்பும் கம்பி சோர்ஸ் காலின் வேரிலேயே, பெருமின்னோட்டம் வேறு திசைக்குப் பிரிவதற்கு முன்னரே, தனியாகப் பற்றவைக்கப்பட வேண்டும். பெரிய ஐ.ஜி.பி.டி. மாட்யூல்களில் இதற்கென்றே துணை எமிட்டர் என்ற சிறு முனை ஒன்று தரப்பட்டிருக்கிறது. அண்மைக் காலத்து டிரான்சிஸ்டர்கள் சிலவற்றில் நான்காவது கால் ஒன்று முளைத்திருப்பதும் இதன்பொருட்டே. துணை எமிட்டரை விட்டுவிட்டு அருகிலுள்ள பெரிய திருகில் திரும்பும் கம்பியை மாட்டுவது, பழுது பார்க்கும் இடங்களில் அவசரத்தால் நிகழும் தவறு. படத்தில் இரண்டும் ஒரே புள்ளியாகத் தோன்றினும், யந்திரம் ஓடும்போது அவை இரண்டும் வெவ்வேறு புள்ளிகள்.

இவ்வழியில் இடப்படும் சிறு உறுப்புகளின் கடமையும் இங்கேயே சொல்லத்தக்கது. கேட் ரெசிஸ்டர், பொதுவாக 10 முதல் 47 ஓம் வரையில், கேட்டின் அலைவை அடக்கும். பல மாஸ்ஃபெட்டுகள் இணையாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் இன்றியமையாதது, பொது ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் இட்டால் அவை தமக்குள்ளேயே அலையத் தொடங்கிவிடும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, டிரைவர் உயிரற்றிருக்கும்போதும் கேட்டை அணைந்த நிலையில் பிடித்துவைக்கும். அதே இரு கால்களுக்கிடையே 15 அல்லது 18 வோல்ட் ஜீனர் டயோடு, எல்லை கடந்த வோல்டேஜை விழுங்கும். இம்மூன்றும் டிரைவரின் பக்கத்தில் அன்றி டிரான்சிஸ்டரின் காலடியில் இருக்க வேண்டும். ஏனெனில் அவை காக்க வேண்டிய ஆதாரப் புள்ளி அங்கேதான் உள்ளது.

மிதக்கும் ஆதாரம்

இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பாலச் சுற்றில், கீழ் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் மைனஸோடு அசையாது நிற்கிறது. மேல் டிரான்சிஸ்டரின் சோர்ஸோ பாலத்தின் நடுமுனையோடு சேர்ந்து, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை பூஜ்யத்துக்கும் முழு வோல்டேஜுக்கும் இடையே தாவிக்கொண்டிருக்கிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கினால் 325 வோல்ட். 415 வோல்ட் மூன்று ஃபேஸை அவ்வாறு ஆக்கினால் 587 வோல்ட். இவ்வாறு மிதக்கும் ஆதாரத்துக்கு மேலே 15 வோல்ட்டைத் தருவது எங்ஙனம்?

எளிய விடை பூட்ஸ்ட்ராப் முறை. கீழ் டிரான்சிஸ்டர் கடத்தும் நேரத்தில், விரைவு டயோடு ஒன்றின் வழியாகச் சிறு கெப்பாசிட்டர் நிரம்பும்; பின்னர் அக்கெப்பாசிட்டரே மேல் டிரைவருக்கு உணவாகும். ஐ.ஆர். 2110 போன்ற சில்லுகளால் இம்முறை உலகெங்கும் பரவியது. 70 நானோ கூலும் வேண்டும் கேட் ஒன்றுக்கு, வோல்டேஜ் 0.2 வோல்ட்டுக்கு மேல் சரியாமலிருக்க, 0.35 மைக்ரோ ஃபாரட் கணக்காகிறது. கசிவுகளுக்கும் இடம் விட்டு ஒரு மைக்ரோ ஃபாரட் இடுவது வழக்கம். இம்முறையின் எல்லைகளும் தெளிவானவை: மேல் டிரான்சிஸ்டரை இடைவிடாது கடத்தவைக்க இயலாது, சாதாரண 1என் 4007 டயோடு இவ்வேகத்துக்கு ஏலாது. ஐ.ஆர். 2110இன் மிதக்கும் எல்லை 500 வோல்ட் ஆதலால், வீட்டு மின்சாரத்துக்கு ஏற்ற அச்சில்லை 587 வோல்ட் நிற்கும் மூன்று ஃபேஸ் டிரைவில் இடுவது அழிவை அழைப்பதாகும். இவ்வுண்மை சில்லின் விவரத்தாளின் முதற்பக்கத்திலேயே அச்சாகியுள்ளது.

மற்றொரு விடை முழுப் பிரிப்பு. கட்டளை ஒளியாகவோ, காந்தப் புலமாகவோ, நுண்கெப்பாசிட்டரின் வழியாகவோ தடையைத் தாண்டும். மேற்புறத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிலிருந்து தனி சப்ளை கிடைக்கும். டி.எல்.பி. 250 போன்ற ஆப்டோ கப்ளர், 1.5 ஆம்பியர் உச்ச மின்னோட்டமும் 2500 வோல்ட் பிரிப்பும் தருவதால், நம் நாட்டுக் கல்லூரிகளின் பரிசோதனைச் சாலைகளில் பெருவழக்காய் உள்ளது. செலவு மிகுதி என்பது இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். ஆனால், கட்டளை பிறக்கும் பக்கத்தில் மனிதக் கை தொடக்கூடிய பொத்தானோ, திரையோ, கணினிக் கம்பியோ இருக்குமாயின், அங்கே பிரிப்பு என்பது யந்திரத்தின் சௌகரியத்தைச் சேர்ந்த விஷயமாக நில்லாது மனித உயிரைச் சேர்ந்ததாகிவிடுகிறது. பூட்ஸ்ட்ராப் சில்லு கட்டளைப் பக்கத்தின் ஆதாரத்தையும் பெருமின்சாரத்தின் மைனஸையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நேரடியாக மின்சார இணைப்பிலிருந்து இயங்கும் சாதனத்தில் அந்த மைனஸ் பூமியைப் பொறுத்து உயிருள்ளது. மைனஸ் என்ற பெயரால் அது சாதுவாகிவிடாது.

பிரிப்புக்கு வேண்டிய இடைவெளியும் இவ்வாறே கருதத்தக்கது. ஆப்டோ கப்ளரின் இருபுறக் கால்களுக்கும் நடுவே உள்ள போர்டின் பரப்பில் பஞ்சுத் தூசியும் ஈரமும் படிந்தால், காகிதத்தில் 2500 வோல்ட் என்று எழுதியிருப்பது நடைமுறையில் நிலைக்காது. தறிக்கூடங்கள் நிறைந்த நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்களில், பெட்டியின் மூடியைத் திறந்தால் பலகை முழுவதும் பஞ்சு படிந்திருப்பது நித்தியக் காட்சியாதலால், பிரிப்புக் கோட்டின் கீழே போர்டில் பிளவு ஒன்று அறுப்பதும், வார்னிஷ் பூசுவதும், காற்றுத் துளைக்கு வடிகட்டி இடுவதும் இங்கே ஆடம்பரமன்று, அவசியம்.

அணைந்தது அணைந்தபடி நிற்க

டிரான்சிஸ்டரைக் கடத்தவைப்பதைக் காட்டிலும், அணைந்ததை அணைந்தபடி நிறுத்துவதே அரிய காரியம். பாலத்தின் மேல் டிரான்சிஸ்டர் திடீரெனக் கடத்தும்போது, கீழ் டிரான்சிஸ்டரின் டிரெயினில், அதாவது சோர்ஸுக்கு எதிர்முனையான காலில், வோல்டேஜ் பாய்ந்தேறுகிறது. டிரெயினுக்கும் கேட்டுக்கும் இடையே இயற்கையாகவே உள்ள சிறு கெப்பாசிட்டன்ஸின் வழியாக அந்தப் பாய்ச்சல் கேட்டுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். நூறு பிக்கோ ஃபாரட்டில் நானோ வினாடிக்கு 5 வோல்ட் ஏறினால் அது அரை ஆம்பியர். அந்த அரை ஆம்பியர் 10 ஓம் கேட் ரெசிஸ்டரின் வழியே வடிய வேண்டியிருந்தால் கேட்டில் 5 வோல்ட் தோன்றும். 4 வோல்ட்டில் விழிக்கும் டிரான்சிஸ்டருக்கு அது போதும்; மேலும் கீழும் ஏககாலத்தில் கடத்த, பெருங்கெப்பாசிட்டரின் சேமிப்பு முழுவதும் அவ்விரண்டின் வழியே பாய்ந்து அவற்றைப் பிளக்கும்.

இதற்குப் பரிகாரமாக மூன்று வழிகள் வழங்குகின்றன. கடத்தவைக்க ஒரு ரெசிஸ்டரும், அணைக்க டயோடு சேர்ந்த சிறிய ரெசிஸ்டரும் தனித்தனியே இடுவது முதலாவது. சிறு யந்திரங்களுக்கு இதுவே போதும். அணைந்த நேரத்தில் கேட்டைச் சோர்ஸோடு நேரே பிணைத்துவிடும் மில்லர் கிளாம்ப் உள்ள டிரைவரைக் கொள்வது இரண்டாவது. அணைந்த நிலையில் கேட்டுக்கு 5 முதல் 8 வோல்ட் வரையில் எதிர்மறை வோல்டேஜ் தருவது மூன்றாவது; நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஆளும் மாட்யூல்களுக்கு இதைவிட உறுதியான காப்பு இல்லை. இவற்றோடு, ஒன்று அணைந்தபின் மற்றொன்று கடத்துவதற்கு முன் விடப்படும் டெட் டைம், ஐ.ஜி.பி.டி.களில் ஒன்றிரண்டு மைக்ரோ வினாடியாவது இருக்க வேண்டும். அதை மென்பொருளின் பொறுப்பில் மட்டும் விடுவதினும், இரு கட்டளைகளும் ஒருங்கே வரினும் ஏற்க மறுக்கும் வன்பொருள் பூட்டையும் சேர்ப்பதே அறிவுடைமை.

இவ்வளவுக்கும் பின் மோட்டாரின் கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்காகிவிட்டால் என் செய்வது? ஐ.ஜி.பி.டி. அந்நிலையைப் பத்து மைக்ரோ வினாடி அளவே பொறுக்கும். எந்த ஃபியூஸும் அதற்குள் உருகாது. கடத்தும் நிலையில் 2 வோல்ட் அளவே நிற்க வேண்டிய கலெக்டரில், அதாவது டிரெயினின் ஸ்தானத்தில் உள்ள காலில், ஏழெட்டு வோல்ட் நிற்பதைக் கண்டு, டிரைவரே அபாயத்தை உணர்ந்து கேட்டை மெல்ல அணைக்கும் டிசாட் காப்பு இதற்கெனப் பிறந்தது. மெல்ல அணைப்பது ஏனெனில், அப்பெருமின்னோட்டத்தை வெடுக்கென்று அறுத்தால், முன்னர்க் கண்ட மின்தூண்டலே எழுப்பும் வோல்டேஜ் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். ஃபியூஸ், டிரான்சிஸ்டரைக் காப்பதற்காக அன்றி, டிரான்சிஸ்டர் மாண்டபின் வீட்டையும் மனிதரையும் தீயிலிருந்து காப்பதற்காகவே இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பட்டறையில்

இந்தச் சாஸ்திரம் உண்மையில் பரீட்சிக்கப்படும் இடம், கடைத்தெருவில் உள்ள இன்வெர்ட்டர் ரிப்பேர்க் கடை. "ஃபெட் போய்விட்டது" என்று நான்கு மாஸ்ஃபெட்டுகளையும் கழற்றிப் புதியவை பற்றவைத்து, பேட்டரியைக் கொடுத்த மறுகணமே அவை மீண்டும் வெடிப்பதைக் கண்டு, மாஸ்ஃபெட் போலிச் சரக்கு என்று முடிவுசெய்வது அங்கே பலமுறை நிகழும் சம்பவம். மாஸ்ஃபெட் சாகும்போது அதன் டிரெயினும் கேட்டும் ஒன்றாகிவிடுவதால், பெருமின்சாரம் கேட் ரெசிஸ்டரின் வழியே பின்னோக்கிச் சென்று டிரைவரையும் காயப்படுத்திவிடுகிறது. ஆகவே மாஸ்ஃபெட்டை மாற்றுமுன், கழற்றிய இடத்தில் ஒவ்வொரு கேட் ரெசிஸ்டரையும் மீட்டரால் அளந்து, ஜீனரைச் சோதித்து, டிரைவரின் வெளியீடு பூஜ்யத்துக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையே முழுமையாக ஏறியிறங்குகிறதா என்று பார்த்தபின்னரே புதிய உறுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

சோதிக்கும் வரிசையும் ஒரு நியமத்துக்கு உட்பட்டது. பெருமின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டிரைவரின் சப்ளையை மட்டும் கொடுத்துக் கேட் அலைகளையும் டெட் டைமையும் காண்பது முதற்படி. பின்னர் 12 அல்லது 24 வோல்ட், மின்னோட்ட எல்லையுள்ள சப்ளையிலிருந்து. அதன்பின் முழு வோல்டேஜ், நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இட்டு. எங்கேனும் குறுக்கு நேர்ந்திருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும், டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் கையாண்ட இந்த சீரியஸ் பல்பு முறையைக் காட்டிலும் மலிவான காப்பை இன்றளவும் எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. சப்ளைகளின் முறையும் மாறலாகாது: கொடுக்கும்போது டிரைவர் முன், பெருமின்சாரம் பின்; எடுக்கும்போது பெருமின்சாரம் முன், டிரைவர் பின்.

அணைத்தவுடன் கை வைப்பது பேராபத்து. 325 வோல்ட்டில் நிற்கும் ஆயிரம் மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 50 ஜூலுக்கு மேற்பட்ட சக்தி தங்கியிருக்கும். மனிதரின் இதயத்தை நிறுத்த அது மிகையாகவே போதும். 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறுக்கே நிரந்தரமாக இருந்தால் நான்கு நிமிஷத்தில் அது ஏறக்குறைய வடிந்துவிடும். ஆயினும் ரெசிஸ்டரை நம்பாமல் மீட்டரை வைத்துப் பார்த்தபின்னரே தொட வேண்டும். ரெசிஸ்டரும் அறுந்துபோகக்கூடிய பொருளே.

மிகக் கொடிய வழக்கம் ஒன்றையும் இங்கே கண்டிக்காமல் இருக்க முடியாது. மேல் டிரான்சிஸ்டரின் கேட் அலையைக் காண ஆஸிலாஸ்கோப்பின் கறுப்புக் கிளிப்பை அதன் சோர்ஸில் மாட்டினால், கிளிப் பூமியோடு இணைந்திருப்பதால், பாலம் பூமியோடு குறுக்காகி வெடிக்கும். இதைத் தவிர்க்க ஸ்கோப்பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடுவோர் உண்டு. அப்பொழுது வெடிப்பு நிற்கிறது. ஆனால் ஸ்கோப்பின் உலோக உடல் முழுவதும் முந்நூறு வோல்ட்டில் மிதக்கத் தொடங்குகிறது, அதைத் தொடுபவர் தாமே பூமிக்கு வழியாகிவிடுகிறார். டிஃபரன்ஷியல் புரோப் கிடைக்குமாயின் அதைக் கொள்க. கிடைக்காவிடில் இரண்டு சேனல்களால் தனித்தனியே அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக் காண்க. கேட்டைக் கெடுத்த பிழையும், ஸ்கோப்பைப் பிடித்தவரைக் கெடுத்த பிழையும் வேறுவேறல்ல. இரண்டிலும் ஆதாரப் புள்ளி எது என்று கேட்கப்படவில்லை.

வருங்காலத்தின் வேகம்

சிலிக்கன் கார்பைடும் காலியம் நைட்ரைடும் இப்பொழுது சிலிக்கனின் ஸ்தானத்தைப் பிடித்து வருகின்றன. சிலிக்கன் கார்பைடு மாஸ்ஃபெட் 15 முதல் 18 வோல்ட்டில் கடத்தி, எதிர்மறை 3 முதல் 5 வோல்ட்டில் அணைவது. குறுக்கு நேர்ந்தால் இரண்டு மூன்று மைக்ரோ வினாடியே பொறுப்பது. காலியம் நைட்ரைடு வகைகள் பலவற்றின் கேட் 5 வோல்ட்டில் இயங்கி, 6 அல்லது 7 வோல்ட்டிலேயே அழிந்துபோகக்கூடியது. பழைய ஐ.ஜி.பி.டி. மன்னித்துவிட்ட கம்பி நீளத்தை இவை மன்னிப்பதில்லை. வேகம் பெருகப் பெருக, திரும்பும் வழியின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வோல்டேஜாக மாறி எதிரே நிற்கிறது. ஆகவே சூத்திரங்கள் மாறும், எண்கள் மாறும். அவற்றின் அடியிலுள்ள கேள்வி மேலும் கூர்மை பெறுமே அன்றி மறையாது.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், டிரைவரைத் தேர்வதும், ரெசிஸ்டரின் அளவும், பூட்ஸ்ட்ராப்பா பிரிப்பா என்ற விவாதமும், அளக்கும் முறையும், தனித்தனி விஷயங்கள் அல்ல என்பதும், அவை யாவும் வோல்டேஜின் ஆதாரத்தைப் பேணுதல் என்னும் ஒரே ஒழுக்கத்தின் கிளைகள் என்பதும் பெறப்படும். சிறு வீட்டு இன்வெர்ட்டருக்கு, குறுகிய வழியும், தனித்தனிக் கேட் ரெசிஸ்டரும், சப்ளை குறையும்போது தானே நிற்கும் டிரைவரும் போதுமானவை. வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் மோட்டார் டிரைவுக்கு, மனிதக் கை அணுகும் இடம் எதுவும் இல்லாதபோது மட்டுமே பூட்ஸ்ட்ராப் பொருந்தும். மூன்று ஃபேஸ் பம்புக்கும் ஆலை யந்திரத்துக்கும், முழுப் பிரிப்பும், எதிர்மறை அணைப்பும், டிசாட் காப்பும் இன்றி அமைப்பது தகாது.

நாராயணவனம் சாலையிலும் புத்தூரைச் சுற்றியும் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் மாணவர் சமன்பாடுகளை அறிவர். கடைத்தெரு மெக்கானிக்கோ யந்திரம் சாகும் விதங்களை அறிவார். இவ்விருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வெடித்துப்போன போர்டு ஒன்றின் சுற்றுப்படத்தை வரைந்து, ஒவ்வொரு கேட்டின் அருகிலும் அதன் ஆதாரப் புள்ளி எதுவென்று சிவப்பு மையால் குறிப்பார்களாயின், அந்தப் பயிற்சி இருவருக்கும் ஒரு பருவத்துப் பாடத்தைவிட அதிகம் கற்பிக்கும். சாதனங்களைச் செய்வோரும், பெட்டியின் உள்மூடியில் தமிழிலும் தெலுங்கிலும் மூன்று செய்திகளை அச்சிடக் கடமைப்பட்டவர்கள்: கெப்பாசிட்டர் வடிய எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும், போர்டில் எந்தப் பகுதி பூமியைப் பொறுத்து உயிருள்ளது, கேட்டை எந்த இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதமே. பழுது பார்ப்பவரின் உயிருக்கு அதையும் செலவிட மனமில்லாத தொழில், எவ்வளவு நுட்பமான சில்லைச் செய்தாலும் தன் வேலையை முடித்ததாகச் சொல்லிக்கொள்ள உரிமை பெறாது.